அட்லாண்டிக் நீரோட்டமும் ஒகேனக்கல் குடிநீரும்

"கடலே இல்லாத தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் அட்லாண்டிக் நீரோட்டத்தைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாணவராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். பாலக்கோடு பக்கத்தில் புவியியல் ஆசிரியராக இருக்கும் என்னிடம், வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் இதே கேள்வியை மாணவர்கள் முன்னிலையில் கேட்டு, "பாடத்தை மட்டும் நடத்துங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று நான் நடத்திக்கொண்டிருந்தது இதுதான். வெப்பமண்டலத்தின் உப்பு மிகுந்த வெதுவெதுப்பான நீர் அட்லாண்டிக்கின் மேற்பரப்பில் வடக்கே சென்று, வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் குளிர்ந்து, அடர்த்தி கூடி, கிரீன்லாந்தை ஒட்டிய கடல்களில் அமிழ்ந்து, ஆழத்தின் வழியே தெற்கே திரும்புகிறது. நொடிக்குச் சுமார் 1.7 கோடி கன மீட்டர் நீர் இப்படிப் பயணிக்கிறது. பனி உருகிய நன்னீர் வடக்கே பெருமளவில் கலந்தால் மேற்பரப்பு நீரின் அடர்த்தி குறைந்து அமிழ்வது தடைப்படும். பனியுகம் முடிந்துகொண்டிருந்த காலத்தில், சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், வட அட்லாண்டிக் பகுதி மீண்டும் கடுங்குளிருக்குத் திரும்பி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்ததற்கு, இந்தச் சுழற்சி தளர்ந்ததே முக்கியக் காரணம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அக்குளிர் விலகியபோது கிரீன்லாந்து சில பத்தாண்டுகளுக்குள்ளேயே பல டிகிரி வெப்பமடைந்ததை அங்குள்ள பனிப்படிவங்கள் காட்டுகின்றன.

நமக்கு முக்கியமானது இனிமேல்தான். வடக்கு குளிர்ந்த அக்காலங்களில் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்ந்து இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குன்றியதற்கு, அரபிக்கடலின் அடிப்படிவுகளும் மேகாலயாவின் மாவ்ம்லு குகைச் சுண்ணப்படிவுகளும் சான்று. குடகில் பெய்யும் அந்த மழைதான் காவிரியாக ஒகேனக்கலுக்கு வருகிறது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் குடிநீருக்கு நம்பியிருப்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை. கடல் எங்கோ இருக்கிறது என்று நம் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

அச்சமூட்டுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். புவி வெப்பமடைவதால் பருவமழை கூடும் என்றே பெரும்பாலான கணினி மாதிரிகள் சொல்கின்றன. ஆகவே பழைய காலம் அப்படியே திரும்பும் என்று நான் வாதிடவில்லை. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையும், இந்த நூற்றாண்டில் நீரோட்டம் தளர்வது பெரிதும் உறுதி என்றாலும், 2100க்கு முன் திடீரென நின்றுபோகாது என்பதில் மிதமான நம்பிக்கையே உள்ளது என்கிறது. அந்த "மிதமான" என்ற சொல்லை மாணவர்கள் எடைபோடக் கற்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்பாடத்தை நடத்தினேன், இனியும் நடத்துவேன்.