சுவிட்ச் போர்டுக்கு மேலே அலமாரி மாட்டும் முன்

போர்டுக்கு நேர் மேலே ஒரு அடி தள்ளி அலமாரிக்குத் துளை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. நம் வீடுகளில் பெரும்பாலும் சீலிங்கில் இருந்து நேராகக் கீழே காடி வெட்டி பைப் இறக்கித்தான் போர்டுக்கு வயர் கொண்டு வருவார்கள். ஒரு அடி என்ன, சீலிங் வரைக்குமே அந்த நேர்கோடு ஆபத்துதான். சில வீடுகளில் பக்கத்துப் பாயின்ட்டுக்குப் படுக்கையாகவும் போயிருக்கும், அதனால் போர்டு கவரைக் கழற்றி பைப் எந்தப் பக்கம் நுழைகிறது என்று பார்த்துவிடுங்கள்.

கவரைக் கழற்றும் முன்பே மெயினை ஆஃப் செய்யுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். மெயின் ஆஃப் ஆனாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். துளை போடும்போதும் எல்லாம் ஆஃபிலேயே இருக்கட்டும், பேட்டரி டிரில் வாடகைக்குக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதே என்று துணிய வேண்டாம், டிரில் பிட் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கிழித்தால் அதற்குத் தெரியாது. நான் ஒருமுறை கண்ணாடி மாட்டப் போய் கீசர் வயரையே துளைத்தேன், பைப்பில் புது வயர் இழுக்க அரை நாள் போனது. உங்களுக்கும் அப்படிப் பட்டுவிட்டால் மேலே பட்டி பூசி மூடிவிடாதீர்கள், எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த லைன் ஆஃபிலேயே கிடக்கட்டும்.

அலமாரியைப் பக்கவாட்டில் ஒரு அடியாவது தள்ளி வைக்க இடம் இருக்கிறதா?