வளரும் நாட்டுக்குச் சுற்றுலா போனால், நம் பணம் ஊர் மக்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்று எப்படி அறிவது?

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். நேபாளத்தின் சிருபாரி கிராமத்தில் 1997 முதல் விருந்தினர்களை வீடுகளிலேயே தங்கவைக்கிறார்கள். பூமாலையும் மேளதாளமுமாக ஊர் எல்லையில் வரவேற்பு. யார் வீட்டில் தங்குவது என்பதை ஊர்க் குழுவே முறைவைத்துத் தீர்மானிக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. இல்லாவிட்டால் மாடிவீடு வைத்திருப்பவருக்கே எல்லா வருமானமும் போய்விடும்.

நமீபியாவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், சமூக நிலங்களில், அதாவது ஊர் மக்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிலங்களில், வாழும் மக்களுக்கு வனவிலங்குகள் மீதும் சுற்றுலா மீதும் உரிமை தந்தது. விடுதி நடத்த வரும் நிறுவனம் அவர்களோடுதான் ஒப்பந்தம் போட வேண்டும். ருவாண்டாவில் தேசியப் பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது.

எனவே முன்பதிவுக்கு முன் கேளுங்கள்: நிலம் யாருடையது? வழிகாட்டி உள்ளூர்க்காரரா? அவருக்கு நாள் கூலி எவ்வளவு? நேர்மையானவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அநாதை இல்லங்களைச் சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள். கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருந்த பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். பார்க்க வருபவர்கள் தரும் பணமே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கத் தூண்டுகிறது.