கேளுங்கள், சொல்கிறோம்: பட்டப்பின் படிப்பில் ஓர் அரையாண்டு வெளிநாட்டில்

கொழும்பில் முதுமாணி படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஜேர்மனியில் உள்ள ஒன்றுக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை இருக்கிறதாம். ஓர் அரையாண்டு அங்கே போய்ப் படிக்க நானே நேரடியாக விண்ணப்பிக்கலாமா?
*வாசகி, வெள்ளவத்தை*

விண்ணப்பிக்கலாம். ஆனால் அப்படிப் போனால் உங்களைப் பரிமாற்ற மாணவியாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். பரிமாற்றம் என்றால், இங்கே பதிவுக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டு அங்கே கல்விக் கட்டணம் இல்லாமல் படிப்பது. அந்த இடத்துக்கு உங்கள் பெயரை அனுப்ப வேண்டியது உங்கள் பல்கலைக்கழகம். இதைத்தான் நொமினேஷன் என்கிறார்கள். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கிருந்து உங்களுக்கு விண்ணப்ப இணைப்பு வரும்.

புரிந்துணர்வு உடன்படிக்கையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பல உடன்படிக்கைகளில் "ஒத்துழைப்போம்" என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. மாணவர் பரிமாற்றத்துக்கென்று தனி ஒப்பந்தம் உண்டா, அது எந்தத் துறைக்கு, எந்தப் படிநிலைக்கு, வருடத்துக்கு எத்தனை பேருக்கு என்று சர்வதேசத் தொடர்புகள் அலுவலகத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் பொறியியல் கலாநிதி மாணவர்கள் என்று மட்டும் இருந்தால் சமூகவியல் முதுமாணிக்கு அதில் இடம் கிடைக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கும் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸிலும் இதே முறைதான். பணத்துக்கு விண்ணப்பிப்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகம், ஆளைத் தெரிவு செய்து அனுப்புவது உங்கள் பல்கலைக்கழகம். மாணவர்கள் 2 முதல் 12 மாதம் வரை போகலாம். எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். அது முழுப் பட்டம். அதற்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். இப்போது படிக்கும் முதுமாணியை விடாமல் ஓர் அரையாண்டு போய்வர நினைக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

இன்னும் நான்கு பாடங்கள் மீதி, ஒவ்வொன்றும் 3 கிரெடிட். அங்கே படித்துவிட்டு வந்தால் அவற்றை இங்கே ஏற்றுக்கொள்வார்களா? போய்வந்த ஒருவருக்கு ஒரு பாடம்கூட ஏற்கப்படவில்லை என்று கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது.
*வாசகர், வத்தளை*

பயப்படத்தான் வேண்டும். பரிமாற்றத்தில் ஆட்கள் அதிகமாக அடிபடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் பிழை வெளிநாட்டில் நடப்பதில்லை. புறப்படுவதற்கு முன் இங்கே முடிக்க வேண்டிய எழுத்துவேலை முடியாமல் போனதுதான் காரணமாக இருக்கும்.

முதலில் கணக்கு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் கிரெடிட் ஒன்று 25 முதல் 30 மணிநேரம். ஆகவே அவர்களுடைய இரண்டு நம்முடைய ஒன்றுக்குச் சமம். உங்களுக்கு வேண்டியது இங்கே 12 கிரெடிட், அதாவது அங்கே 24. ஜேர்மனியில் பல பாடங்கள் 6 ஈசிடிஎஸ் என்பதால் நான்கு பாடங்கள் போதும். ஓர் அரையாண்டின் முழுச் சுமை 30 ஈசிடிஎஸ். ஐந்தாவதாக ஒரு பாடத்தையும் எழுதி வையுங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறோம். இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கைத் தெரியாத துறையில் "அங்கே 6, இங்கே 3, எப்படிப் பொருந்தும்?" என்ற கேள்வி வரும். சட்டகத்தின் அந்தப் பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

அடுத்தது கற்றல் உடன்படிக்கை. நீங்கள், உங்கள் பல்கலைக்கழகம், அந்தப் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் ஒப்பமிடும் பத்திரம் இது. அங்கே படிக்கும் பாடங்கள் ஒரு பட்டியலாகவும், அவற்றுக்கு ஈடாக இங்கே விலக்களிக்கப்படும் பாடங்கள் இன்னொரு பட்டியலாகவும் இருக்கும். முதல் பட்டியலைக் கவனமாக நிரப்புபவர்கள் இரண்டாவதில் "பின்னர் தீர்மானிக்கப்படும்" என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு அதைத் தீர்மானிக்க யாரும் வருவதில்லை. பாடக் குறியீடு, தலைப்பு, கிரெடிட் மூன்றையும் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள்.

துறைத் தலைவரின் ஒப்பம் மட்டும் போதாது. பாட விலக்கு பட்டப்பின் படிப்புச் சபையிலோ பீடச் சபையிலோ, சில இடங்களில் மூதவையிலோ தீர்மானமாக வேண்டும். அந்தத் தீர்மானத்தின் பிரதி கையில் இல்லாமல் விமானச்சீட்டு வாங்காதீர்கள். சபைகள் பொதுவாக மாதம் ஒருமுறைதான் கூடும், ஒரு கூட்டம் தவறினால் ஒரு மாதம் போய்விடும். தீர்மானத்தில் இரண்டு விடயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். அங்கே பெறும் தரம் இங்கே தரப்புள்ளிச் சராசரியில் சேருமா, அல்லது சித்தி என்று மட்டும் பதியப்படுமா? அங்கே ஒரு பாடத்தில் சித்தியடையாவிட்டால் இங்கே அடுத்த தடவை எழுதலாமா?

ஐந்தாவது பாடத்துக்கு வருவோம். இணையத்தில் பார்த்துத் தெரிவு செய்த பாடம் அந்த அரையாண்டில் நடக்காமல் போகலாம், ஜேர்மன் மொழியில் மட்டும் நடக்கலாம், இன்னொரு பாடத்தின் நேரத்தோடு மோதலாம், இளமாணிப் பாடமாகவும் இருந்துவிடலாம். இளமாணிப் பாடத்துக்கு இங்கே முதுமாணியில் விலக்குக் கிடைக்காது. மாற்றம் தேவைப்பட்டால் வகுப்பு தொடங்கிய முதல் வாரங்களிலேயே மாற்றப் படிவத்தை நிரப்பி மூன்று ஒப்பமும் வாங்குங்கள். வாய்மொழியாகச் "சரி" என்று சொன்ன விரிவுரையாளர் நீங்கள் திரும்பி வரும்போது விடுமுறையில் இருக்கலாம்.

போயிருக்கும் காலத்தில் இங்கே பதிவு காலாவதியாகாமல் புதுப்பித்து வையுங்கள். இங்கே பதிவு இல்லையென்றால் அங்கே பரிமாற்ற மாணவர் என்ற நிலையும் இல்லை.

நாட்காட்டியையும் பாருங்கள். ஜேர்மனியின் குளிர்கால அரையாண்டு ஒக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வகுப்புகள் பெப்ரவரி நடுப்பகுதியோடு முடிந்தாலும் பரீட்சைகள் அதற்குப் பிறகும் நடக்கும். திரும்பும் சீட்டை பெப்ரவரிக்குப் போட்டுவிட்டுப் பரீட்சையைத் தவறவிட வேண்டாம்.

மாதம் 900 யூரோ உதவித்தொகை என்று கடிதம் வந்திருக்கிறது, ஜேர்மனிக்கு 5 மாதம். விசாவுக்கு இது போதுமா? வயது 33.
*வாசகி, தெஹிவளை*

சிறிது குறைகிறது. 2024 செப்டம்பரிலிருந்து மாணவ விசாவுக்கு மாதம் 992 யூரோ காட்ட வேண்டும், வருடத்துக்கு 11,904. உங்களுக்கு மாதம் 92 குறைவு, ஐந்து மாதத்துக்கு 460 யூரோ. இந்த மீதியை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) வைப்பிலிடலாம், அல்லது ஜேர்மனியில் வசிக்கும் ஒருவர் உங்கள் செலவைத் தான் ஏற்பதாகப் பொறுப்பேற்புப் பத்திரம் கொடுக்கலாம். இங்குள்ள சேமிப்புக் கணக்கின் வங்கிக் கூற்று மட்டும் இருந்தால் ஏற்பார்கள் என்று எண்ணாதீர்கள். உதவித்தொகைக் கடிதத்தில் மாதத் தொகை, தொடக்கத் திகதி, முடிவுத் திகதி மூன்றும் இருக்க வேண்டும். "முழு உதவி வழங்கப்படும்" என்று பொதுவாக எழுதிய கடிதத்தை உடனே திருத்தி வாங்குங்கள்.

முதல் மாதச் செலவுக்குத் தனியாக ஒழுங்கு செய்யுங்கள். உதவித்தொகை பெரும்பாலும் அங்கே போய்ப் பதிவு முடித்து, வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் கையில் வரும். அதற்குள் அறை வாடகையும் வைப்புப்பணமும் கேட்பார்கள். கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும் மாணவர் சேவைகளுக்கான அரையாண்டுப் பங்களிப்பு இருக்கலாம். இங்கிருந்து வெளிநாட்டு நாணயம் அனுப்பவோ வாங்கவோ போகும்போது அனுமதிக் கடிதம், கடவுச்சீட்டு, கட்டண அறிவித்தல் மூன்றின் பிரதிகளையும் வங்கிக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் வயதைக் கேட்டதும் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஜேர்மனியின் அரச சுகாதாரக் காப்புறுதியில் மாணவர் கட்டணம் 30 வயது வரைதான். கொழும்பில் வேலை செய்துகொண்டே படிக்கும் முதுமாணி மாணவர்களில் பலர் அதைத் தாண்டியவர்கள். நீங்கள் தனியார் காப்புறுதி எடுக்க வேண்டிவரும். எந்தக் காப்புறுதியைப் பதிவுக்கு ஏற்பார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மலிவான பயணக் காப்புறுதியோடு போனவர்களைப் பதிவு மேசையில் திருப்பி அனுப்புகிறார்கள்.

கடவுச்சீட்டில் தந்தை பெயரும் என் பெயரும் முழுதாக இருக்கின்றன. பட்டச் சான்றிதழில் முதலெழுத்தோடு, எழுத்துக்கூட்டும் வேறு. பிறப்புச் சான்றிதழ் தமிழில். என்ன செய்வது?
*வாசகர், கொட்டாஞ்சேனை*

நம்மவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. விண்ணப்பம் தொடங்கி விடுதிப் பதிவு வரை எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். குடும்பப் பெயர் என்ற இடத்தில் கடவுச்சீட்டு எதைக் காட்டுகிறதோ அதையே போடுங்கள், வீட்டில் எப்படி அழைத்தாலும் சரி. பிறகு பல்கலைக்கழகப் பதிவாளரிடம், இந்த இரண்டு பெயரும் ஒரே மாணவரையே குறிக்கும் என்று மாணவர் இலக்கத்துடன் ஒரு கடிதம் வாங்குங்கள். அதோடு சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக் கிளையில் பெறுபேற்றுப் பத்திரம் எடுக்கும்போதே பெயரைக் கடவுச்சீட்டின்படி தர முடியுமா என்று கேளுங்கள், சில இடங்களில் தருவார்கள்.

பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் எடுங்கள். அத்தாட்சி கேட்டிருந்தால் பத்தரமுல்லை சுகுருபாயவில் உள்ள வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குப் போக வேண்டும். மொழிபெயர்ப்பில் பெயரின் எழுத்துக்கூட்டு கடவுச்சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று கையில் வாங்கும்போதே பாருங்கள். அங்கே ஓர் எழுத்து மாறினால் மூன்றாவது பெயர் ஒன்று உருவாகிவிடும்.

யப்பானுக்கு ஓர் அரையாண்டு போகத் தெரிவாகியிருக்கிறேன். என் சராசரி 4க்கு 3.0. ஜஸ்ஸோ உதவித்தொகை கிடைக்குமா?
*வாசகி, பம்பலப்பிட்டி*

ஜஸ்ஸோ என்பது யப்பானின் மாணவர் சேவை அமைப்பு. மாதம் 80,000 யென் தரும் அந்த உதவிக்கு 3க்கு 2.30 வேண்டும், அதுவும் அவர்களுடைய கணக்கில். ஏ தரத்துக்கு 3, பி தரத்துக்கு 2, சி தரத்துக்கு 1, சித்தியடையாததற்கு 0 என்று கிரெடிட்டால் பெருக்கிச் சராசரி எடுக்கிறார்கள். எல்லாப் பாடத்திலும் பி எடுத்தவருக்கு இங்கே 3.0, அங்கே 2.00 மட்டும். 20 கிரெடிட்டில் 6க்கு ஏ, 14க்கு பி என்றால் 18 கூட்டல் 28, மொத்தம் 46. அதை 20ஆல் வகுத்தால் சரியாக 2.30. உங்கள் 3.0 எந்தத் தரங்களால் வந்தது என்று பாருங்கள். 2.30ஐ எட்டினாலும் தெரிவு அந்தப் பல்கலைக்கழகத்தின் கையில்தான் இருக்கிறது.

விசாவுக்கு முன் தகுதிச் சான்றிதழ் வர வேண்டும். அதை யப்பானியக் குடிவரவில் உங்களுக்காக எடுப்பது அந்தப் பல்கலைக்கழகம். ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். வந்ததும் தாமதிக்காதீர்கள், அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும்.

கலாநிதி ஆய்வு செய்கிறேன். 30 நாள் மட்டும் ஓர் ஐரோப்பிய ஆய்வுகூடத்தில் வேலை செய்ய வழி உண்டா? மூலிகை மாதிரிகளும் கொண்டுபோக வேண்டும்.
*வாசகர், கொழும்பு 13*

உண்டு. எராஸ்மஸ் பிளஸில் கலாநிதி மாணவர்கள் 5 முதல் 30 நாள் வரை குறுகிய காலத்துக்கும் போகலாம். 90 நாளுக்கு உட்பட்டதால் ஷெங்கன் சி வகை விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) போதும். படிப்புக்காகப் போகும் பட்டப்பின் மாணவர்களுக்கு அந்த விசாக் கட்டணமே இல்லை என்பது ஷெங்கன் விசா விதியில் இருக்கிறது. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு, அதைக் கட்ட வேண்டிவரலாம். அழைப்புக் கடிதத்தில் "ஆய்வுப் பயிற்சி" என்று தெளிவாக இல்லாவிட்டால் சாதாரணப் பயணி என்று கட்டணம் அறவிட்டுவிடுவார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் 15 நாளுக்கு முன்.

மாதிரிகள் விடயத்தில் அவசரப்படாதீர்கள். எந்தச் செடி, எங்கே பறித்தது என்பதைப் பொறுத்து வனஜீவராசிகள் திணைக்களம், வனத் திணைக்களம், தாவரத் தொற்றுத்தடுப்பு என்று அனுமதி வேண்டிவரும், அங்கே இறக்குமதி விதியும் இருக்கும். பையில் போட்டுக்கொண்டு போனால் விமான நிலையத்தில் மாதிரி பறிபோகும். சட்டச் சிக்கல் உங்கள் மேற்பார்வையாளரையும் பிடிக்கும். முடிந்தால் பிரித்தெடுப்பை இங்கே முடித்துவிட்டு, அங்கே கருவியில் செய்ய வேண்டிய பகுப்பாய்வை மட்டும் திட்டமிடுங்கள். பிரித்தெடுத்த சாறுக்கும் அனுமதி வேண்டுமா என்று அதே திணைக்களங்களில் கேட்டுக்கொள்ளுங்கள். தரவு யாருடையது, கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை இரண்டு மேற்பார்வையாளர்களும் போவதற்கு முன் மின்னஞ்சலில் எழுதி வைக்கட்டும்.

திரும்பி வரும்போது எதையெல்லாம் மறக்காமல் வாங்கி வர வேண்டும்?
*வாசகி, கல்கிசை*

வந்த நாளும் முடித்த நாளும் எழுதி முத்திரையிட்ட வருகை உறுதிப் பத்திரம். அங்கே படித்த ஒவ்வொரு பாடத்தின் விவரப் பக்கம், அந்த வருடத்துக்குரியது. அடுத்த வருடம் இணையத்தில் அது மாறியிருக்கும். இறுதியாக மாற்றிய கற்றல் உடன்படிக்கை, மூன்று ஒப்பத்தோடு. பெறுபேற்றுப் பத்திரம் கையோடு கிடைக்காது. எராஸ்மஸில் பெறுபேறு வெளியாகி ஐந்து வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது வழமை. அது உங்கள் மின்னஞ்சலுக்கு மட்டும் வராமல், இங்கே பரீட்சைக் கிளைக்கும் அவர்களே நேரடியாக அனுப்பும்படி புறப்படுமுன் கேட்டு வையுங்கள். மாணவர் கையால் கொடுத்த பிரதியை ஏற்காத கிளைகள் உண்டு.