மீன் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அங்குலம்?

நான்கடி தொட்டி வாங்கியிருக்கிறோம். சுவரோடு ஒட்டி வைக்கலாமா? (வேளச்சேரி)

ஒட்ட வேண்டாம். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே கீழே வைத்து ஹோஸ் மூலம் இணைப்பது) என்றால் 4 அங்குலம் விடுங்கள். பின்கண்ணாடியில் தொங்கவிடும் ஃபில்டர் என்றால் 6. ஸ்கர்ட்டிங் டைல்ஸிலிருந்து அளக்காதீர்கள், கண்ணாடியிலிருந்து சுவர் வரை அளங்கள். இடம் போதாவிட்டால் ஹோஸ் மடங்கி நீரோட்டம் குறையும். பழி மோட்டார் மேல் விழும். தண்ணீர் ஊற்றும் முன் கையில் துணியைச் சுற்றி அந்த இடுக்கில் விட்டுப் பாருங்கள். ஹோஸ் மாட்டும் இடம்வரை கை போக வேண்டும். நிரப்பிய பிறகு தொட்டியை நகர்த்த முடியாது.

இடைவெளி வேண்டுமென்று தொட்டியை மட்டும் முன்னால் இழுத்து, ஸ்டாண்டுக்கு வெளியே நீட்டி வைக்கிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அடிக்கண்ணாடியின் நான்கு ஓரங்களும் ஸ்டாண்டின் மேல் உட்கார வேண்டும். அந்தரத்தில் நிற்கும் ஓரத்தில்தான் கண்ணாடிகளை ஒட்டிய சிலிக்கோன் பசை விட்டுப்போகும், விரிசலும் அங்கேதான் வரும். நகர்த்துவதானால் ஸ்டாண்டையே நகர்த்துங்கள்.

மூன்றாம் மாடி ஃபிளாட். தளம் தாங்குமா? (பெரம்பூர்)

4 அடி நீளம், 1.5 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் விளிம்புவரை 340 லிட்டர். சற்றுக் குறைத்து நிரப்பினாலும் 10 மி.மீ. கண்ணாடி, கூழாங்கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து அரை டன்னை நெருங்கும். குடியிருப்புத் தளத்துக்கு ஐஎஸ் 875 தரநிலை சொல்லும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. உங்கள் தொட்டி நிற்பதோ அரை சதுர மீட்டர் சொச்சத்தில். உடனே இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. தளம் எடையைப் பரப்பிவிடும். ஆனால் அறை நடுவில் வைத்தால் தளம் அதிகம் வளையும், பீம் ஓடும் சுவரோரத்தில் வளைவு மிகக் குறைவு. தூண் இருக்கும் மூலை இன்னும் நல்லது.

எல்லாச் சுவருக்கும் கீழே பீம் இராது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் வெறும் தளத்தின் மேல் எழுப்பியதாக இருக்கலாம். அந்தச் சுவருக்கு நேர் மேலே உங்கள் கூரையில் பீம் தெரிகிறதா என்று பாருங்கள்; அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கீழேயும் அதே வரிசைதான். சந்தேகமென்றால் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். வெளியே நீட்டிய பால்கனி வேண்டவே வேண்டாம்.

மயிலாப்பூர் பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ் மாடி. அங்கே?

மர உத்திரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய தளம் அது. கறையானும் ஈரமும் தின்ற உத்திரம் வெளியே தெரியாது. தரைத்தளத்திலேயே வையுங்கள்.

தொட்டிக்குப் பின்னால் பெயின்ட் உப்பி உரிகிறது. ஏன்?

மூடியில்லாத தொட்டியிலிருந்து எழும் ஆவி காற்றோட்டமில்லாத இடுக்கில் தங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் காய்வதே இல்லை. கண்ணாடி மூடி போடுங்கள், பக்கவாட்டை அடைக்காதீர்கள். அதற்கு முன் ஹோஸ் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்.

மேற்குச் சுவர் ஓரத்தில் வைக்கலாமா? பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் பிற்பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் இரவிலும் அனல் விடும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். வேறு சுவர் இருந்தால் அதுவே நல்லது. எங்கே வைத்தாலும் வயர் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி, பிறகு மேலேறிச் செருக வேண்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

வடகிழக்கு மூலைதான் வாஸ்துப்படி சரியா?

அது எங்கள் துறையல்ல. அந்த மூலையில் காலை வெயில் நேராக விழுந்தால் பாசி பிடிக்கும் என்பது மட்டும் தெரியும்.

தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து தெரிகிறது.

பல வீடுகளில் தரை வாட்டமாகத்தான் இருக்கும். கால்வாசி நிரப்பி ரசமட்டம் வையுங்கள். இரண்டு முனைகளுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசமென்றால் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, ஸ்டாண்டின் காலடியில் இரும்புத் தகடு கொடுங்கள். கண்ணாடிக்கு அடியில் அட்டை, மரச்சக்கை எதையும் செருகாதீர்கள். அடிக்கண்ணாடி நேரடியாக ஸ்டாண்டில் உட்காரும் தொட்டியானால், நடுவில் 10 மி.மீ. தெர்மாகோல் முழு அளவில் விரிக்க வேண்டும்.