கேளுங்க சொல்றோம்: மியாவ் லோகோ

கேள்வி: பழைய அமெரிக்க சீரியல் முடியுறப்போ ஒரு ஆரஞ்சு கலர் பூனைக்குட்டி வந்து மியாவ்னு கத்துமே, அது என்ன, ஏன் ஒவ்வொரு சீரியல்லயும் வேற வேற மாதிரி வருது?

பதில்: அது எம்டிஎம்னு சீரியல் தயாரிச்ச கம்பெனியோட லோகோங்க, நடிகை மேரி டைலர் மூரும் அவங்க வீட்டுக்காரர் கிராண்ட் டிங்கரும் 1969ல ஆரம்பிச்சது. எம்ஜிஎம்னு ஹாலிவுட் கம்பெனி படத்துல ஆரம்பத்துல சிங்கம் கர்ஜிக்கும்ல, அதை கிண்டல் பண்ணத்தான் அதே மாதிரி வட்டத்துக்குள்ள பூனைய உக்கார வெச்சாங்க. பூனை பேரு மிம்சி.

சீரியலுக்கு ஏத்த மாதிரி வேஷம் மாத்துவாங்க, ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ் போலீஸ் கதைன்றதால தலையில போலீஸ் தொப்பி, ரெமிங்டன் ஸ்டீல் துப்பறியும் கதை, அதுல ஷெர்லாக் ஹோம்ஸ் தொப்பியும் பைப்பும், நியூஹார்ட்ல பூனை வாய திறந்தா ஹீரோ பாப் நியூஹார்ட் குரல்ல மியாவ்னு வரும் (எனக்கு இதுதான் ஃபேவரிட், அந்த மனுஷன் அதையும் உணர்ச்சியே இல்லாம சொல்வாரு).

செயின்ட் எல்ஸ்வேர் ஆஸ்பத்திரி கதை, அதுல மிம்சிக்கு சர்ஜன் தொப்பி, மாஸ்க் எல்லாம் உண்டு. ஆனா 1988ல கடைசி எபிசோட்ல பண்ணதுதான் கொடுமை, பூனை படுத்துக்கிடக்கு, உடம்பெல்லாம் டியூப், பக்கத்துல இதயத்துடிப்பு மானிட்டர், பேரெல்லாம் ஓடி முடியுறப்போ கோடு நேரா போயிடும், பீப்னு ஒரே சத்தம். சீரியல் செத்துப்போச்சுன்னு சொல்ற ஸ்டைலாம்! நிஜ மிம்சியும் அதே வருஷம்தான் போச்சு, வயசு 20.