கத்திரி வெயிலில் கணினிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி – வாசகர் கேள்வி பதில்

சத்துவாச்சாரியில் மாடி அறையில் வைத்துக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. என் கணினியில் இருப்பது இன்டெல் ஐ7 13700கே சிப். ஏப்ரல் பிறந்ததிலிருந்து ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக்குவது) போட்ட ஐந்தாவது நிமிடமே 100 டிகிரி காட்டுகிறது, வேகமும் இறங்கிவிடுகிறது. லிக்விட் கூலிங் போட்டால் சரியாகிவிடுமா சார்? ஏஐஓ (பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தே வருவது) வாங்கலாமா, கஸ்டம் லூப் (தனித்தனியாக வாங்கி நாமே இணைப்பது) கட்டலாமா? பைக்குக்கு ஊற்றுகிற பச்சை கூலன்ட் மலிவாகக் கிடைக்கிறதே, அதை ஊற்றலாமா?
– வீடியோகிராபர், சத்துவாச்சாரி

100 டிகிரி என்பது அந்தச் சிப்புக்கு இன்டெல் வைத்திருக்கும் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் எரிந்துபோகும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் உங்கள் கைக்கு வரவில்லை என்பது உண்மை.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் குளிர்ச்சியை உண்டாக்காது, சூட்டைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கும், அவ்வளவுதான். அந்த ரேடியேட்டரின் மேல் ஃபேன் ஊதுவது உங்கள் அறையின் காற்றை. 25 டிகிரி அறையில் 75 காட்டும் சிப், அதே கூலரோடு 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 88 காட்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே அது இறங்காது. நம்மூரில் மே மாதம் இரவு ஒன்பது மணிக்குக்கூட தளம் அனலாகக் கொதிக்கும், சுவரில் கை வைத்தால் சுடும். அந்தக் காற்றை வைத்துக்கொண்டு எந்தக் கூலரும் என்ன செய்துவிட முடியும் சொல்லுங்கள்.

ஆகவே பணத்தை எடுக்கும் முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் சிப் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும், பல மதர்போர்டுகள் அந்த வரம்பைக்கூட எடுத்துவிட்டுத்தான் வந்தன. பயாஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போதே திறக்கிற மதர்போர்டு செட்டிங்ஸ்) போய் பவர் லிமிட்டை 180 வாட் பக்கம் வைத்துப் பாருங்கள். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடும், சூடு நன்றாகவே இறங்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அடுத்தது அறை. சிப், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் கக்குகிற சூடு கதவைச் சாத்திய அறைக்குள்ளேயே சுற்றினால், அதே சூடான காற்றைத்தான் கணினி திரும்ப இழுக்கும். சன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், முடிந்தால் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்.

அதற்கு அப்புறமும் போதவில்லை என்றால் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள ஏஐஓ வாங்குங்கள். இந்தச் சிப்புக்கு 240 போட்டால் நம் வெயிலுக்கு இழுபறிதான். கடைக்குப் போகும் முன் டேப்பை வைத்துக் கேபினெட்டை அளந்துவிடுங்கள். ரேடியேட்டர் கனம் 27, ஃபேன் கனம் 25, ஆக மேலே 52 மில்லிமீட்டராவது இடம் வேண்டும், நீளத்துக்கு 40 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மேலே மாட்டிக் காற்றை வெளியே தள்ளவிடுவது நல்லது. முன்பக்கம்தான் மாட்ட முடியும் என்றால் பம்ப் எல்லாவற்றுக்கும் மேலே நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், காற்றுக் குமிழ் மேலேறிப் பம்பில் தங்கினால் களகளவென்று சத்தம் வரும், பம்பின் ஆயுளும் குறையும். ஏஐஓ சீல் வைத்து வருகிறது, எதையும் ஊற்றுகிற வேலை கிடையாது. நல்ல கம்பெனிகள் ஐந்தாறு வருடம் வாரண்டி தருகின்றன, பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கஸ்டம் லூப் உங்களுக்கு வேண்டாம். அதை வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவி நிரப்ப வேண்டும், முகூர்த்த மாதத்தில் உங்களுக்கு அதற்கு நேரம் ஏது? பைக் கூலன்டையும் கையில் எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், இனிப்பாக இருக்கும், குழந்தையோ பூனையோ நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்குள் வைக்கிற பொருளில் அது இருக்கவே கூடாது.

ராணிப்பேட்டையில் கஸ்டம் லூப் கட்டப் போகிறேன். வீட்டில் ஆர்ஓ இருக்கிறது, கேன் தண்ணீரும் வருகிறது. இல்லை, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

கேன் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ வேண்டாம், போர் தண்ணீரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தோல் ஆலைக் கழிவு பாலாற்றைப் பாழாக்கிய கதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆர்ஓவும் கேனும் குடிப்பதற்கானவை, கொஞ்சம் தாது உப்பு அதில் இருக்கத்தான் செய்யும்.

சில வருடத்துக்கு முன் நண்பர் ஒருவருடைய லூப்பைத் திண்ணையில் வைத்துக் கழற்றினேன். எட்டு மாதம் போர் தண்ணீர் ஓடியது. சிப்பின் மேல் உட்காரும் பிளாக்கைத் திறந்தால் உள்ளே செம்புத் தகடுகள் தலைமுடிக் கனத்தில் வரிசையாக நிற்கும், இல்லையா? அந்த இடுக்கு முழுக்க வெந்நீர் அண்டாவின் அடியில் பிடிக்குமே, அதே வெள்ளைப் படிவம். நகத்தால் சுரண்டினால் வரவில்லை. டியூப் வளைவில் பச்சையாக வழவழவென்று பாசி. பழைய டூத் பிரஷும் வினிகருமாக ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தும் பாதிதான் திறந்தது.

பேட்டரித் தண்ணீர் பெரும்பாலும் உப்பு நீக்கிய தண்ணீர். சீல் உடையாத பாட்டிலாக இருந்தால் அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம், பக்கத்திலேயே வைத்திருக்கும் ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள். ஆனால் வெறும் தண்ணீர் போதாது. துரு பிடிக்காமல் தடுக்கிற மருந்தும் பாசியைத் தடுக்கிற மருந்தும் சேர்ந்த, கணினிக்கென்றே விற்கிற கான்சென்ட்ரேட்டை லேபிளில் சொன்ன அளவுக்குக் கலக்க வேண்டும். முதல் தடவை என்றால் புரோப்பிலீன் கிளைக்கால் உள்ள ரெடிமேட் கூலன்டை வாங்கி ஊற்றிவிடுங்கள், நிம்மதி. அப்புறம் செம்பு பிளாக்குக்கு அலுமினியம் ரேடியேட்டரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் நின்றால் பேட்டரி போல வேலை செய்து அலுமினியம் அரிக்கும். விலை குறைவு என்று ஆன்லைனில் வாங்கும் ரேடியேட்டர்களில் இதுதான் சிக்கல், எதனால் செய்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சுத்தமான தண்ணீர் கரண்ட் கடத்தாது, கசிந்தாலும் பரவாயில்லை என்று சிலர் தைரியம் சொல்வார்கள். லூப்பில் சில நாள் ஓடியதும் உலோகத்திலிருந்து அயனிகள் கலந்துவிடும், அப்புறம் அது கடத்தும். நம்பி இறங்காதீர்கள்.

என் பையன் காலேஜ் சேர்ந்திருக்கிறான். ரைசன் 5 5600 போட்டு கம்ப்யூட்டர் வேண்டுமாம், கூடவே தண்ணி ஓடுகிற கூலரும் கேட்கிறான். ஷாக் அடிக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, குடியாத்தம்

அம்மா, அந்தச் சிப் 65 வாட் ரகம். அதற்குத் தண்ணீர் தேவையே இல்லை. நல்ல டவர் ஏர் கூலர் ஒன்று போதும், கெட்டுப்போக அதில் ஃபேன் ஒன்றுதான், அதையும் கடையில் தனியாக வாங்கி மாட்டலாம். மிச்சப் பணத்தில் ரேமோ எஸ்எஸ்டியோ கூட்டிப் போடச் சொல்லுங்கள், படிக்கிற பிள்ளைக்கு அதுதான் உதவும். ஷாக் விஷயம்: கூலர் ஓடுவது 12 வோல்ட்டில், கசிந்தால் போர்டு வீணாகும், ஆளுக்கு ஆபத்து மிகக் குறைவு. 230 வோல்ட் இருப்பது கணினிக்குக் கரண்டை மாற்றித் தருகிற எஸ்எம்பிஎஸ் டப்பாவுக்குள். ஆனாலும் ஈரம் தெரிந்தால் முதலில் சுவர் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள், எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பால் மாதிரி ரோஸ் கலர் கூலன்ட் ஊற்றினேன் அண்ணா. நாலு மாதத்தில் வெளுத்துப்போய், ஓட்டமும் குறைந்துவிட்டது. ஏன்?
– மாணவர், காட்பாடி

தம்பி, அந்தப் பால் நிறமே தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய துகள்தான். அது படிந்து பிளாக்கின் இடுக்கை அடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் வடித்து, பிளாக்கைத் திறந்து துலக்கி, டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அடுத்து நிறமில்லாத கூலன்ட் ஊற்றுங்கள், கலர் வேண்டுமென்றால் விளக்கு போட்டுக்கொள்ளலாம். நிரப்பியதும் உடனே கணினியை ஆன் செய்யாதீர்கள். பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பர் விரித்து ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள், மறுநாள் எல்லாப் பேப்பரும் காய்ந்திருந்தால்தான் மற்ற ஒயர்களை மாட்ட வேண்டும்.