கணினி கேள்வி-பதில்: மூல ஃபைலில் கை வைக்காமல் திருத்துவது

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 4,000 முகவரிகள் உள்ள டெக்ஸ்ட் ஃபைல் ஒன்று இருக்கிறது. அதில் ‘நெல்லை’ என்று வரும் இடங்களையெல்லாம் ‘திருநெல்வேலி’ ஆக்க பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடும்போதே கரன்ட் போய்விட்டது. பிறகு திறந்து பார்த்தால் ஃபைல் காலி. ஏன்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: எழுதுவதற்கென்று ஃபைலைத் திறந்த கணமே பழையது துடைக்கப்பட்டுவிடும், புதியது அதன் பிறகுதான் டிஸ்கில் இறங்கும். நடுவே கரன்ட் போனால் இரண்டும் கிடையாது. லினக்ஸில் சொற்களைத் தேடி மாற்றும் ‘செட்’ (sed) கட்டளையின் வெளியீட்டை அதே ஃபைலுக்குத் திருப்பினாலும் இந்தக் கதிதான். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், முதலில் ஃபைலைக் காலி செய்துவிட்டுத்தான் செட்டை ஓட்டும்.

முதலில் பென் டிரைவில் ஒரு நகல் எடுங்கள். பிறகு மூல ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே தற்காலிக ஃபைல் ஒன்றைத் திறந்து, திருத்திய வரிகள் முழுவதையும் அதில் எழுதுங்கள். இரண்டு ஃபைலுக்கும் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று குறிப்பிடுவது கட்டாயம். எழுதியது நினைவகத்தில் தங்காமல் டிஸ்கில் இறங்க ஃப்ளஷ் (flush), எஃப்சிங்க் (fsync) இரண்டையும் கொடுத்து மூடியபின், இரண்டிலும் வரி எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும், மூல ஃபைலின் இடத்தில் தற்காலிக ஃபைலை வைக்கும் ‘ஓஎஸ் டாட் ரீப்ளேஸ்’ (os.replace) கொடுங்கள். தற்காலிக ஃபைல் வேறு டிரைவில் இருந்தால் ரீப்ளேஸ் பிழை காட்டி நின்றுவிடும். விண்டோஸில் மூல ஃபைலை எக்செலில் திறந்து வைத்திருந்தாலும் அப்படித்தான்.

கரன்ட் போகாதிருந்தாலும் உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு தப்பு செய்திருக்கும்: ‘நெல்லையப்பர் கோயில் தெரு’ என்பது ‘திருநெல்வேலியப்பர் கோயில் தெரு’ ஆகியிருக்கும். முழுச்சொல்லை மட்டும் பிடிக்கலாம் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (சொல் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) சொல்லின் எல்லையைக் குறிக்கும் ‘பேக்ஸ்லாஷ் பி’ (\b) போட்டால் இன்னும் மோசம். இந்தத் தேடலைச் செய்யும் பைத்தானின் ‘ஆர்இ’ (re) தொகுதி, ஐகாரக் குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணாது. அதனால் தனியாக நிற்கும் ‘நெல்லை’யை விட்டுவிட்டு, ‘நெல்லையப்பர்’ என்பதற்குள் இருப்பதைப் பிடிக்கும்! தமிழுக்கு நம்பகமான வழி, வரியைக் கமாவில் பிரித்து, ஓரத்து இடைவெளியை நீக்கி, ஊர்ப்பெயர் உள்ள பகுதி முழுவதும் ‘நெல்லை’தானா என்று ஒப்பிடுவது.

கேள்வி: சங்கரன்கோவில் முகவரிகளில் மாவட்டத்தைத் தென்காசி என்று மாற்றினேன். சில வரிகள் மட்டும் மாறவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது.
– வாசகர், வள்ளியூர்

பதில்: 2019-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து இந்தத் திருத்தம் பலருக்கும் தேவைப்படுகிறது. ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கணினிக்கு இவை வேறு வேறு. தேடும் சொல், ஃபைலின் வரி இரண்டையும் பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ (unicodedata) தொகுதியின் நார்மலைஸ் வழியாக, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். விடுபட்ட வரிகளும் சிக்கும்.